மாதா யாரைப் பார்க்கிறா?

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில், நடையில் இருக்கும் மின்சாரப் பெட்டியை மறைத்துக்கொண்டு ஒரு கடல் தொங்குகிறது. நான் வரைந்த கடல். ட்ரிப் சுவிட்ச் விழும்போதெல்லாம் அந்தக் கடலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் வெளிச்சத்தை மீட்க வேண்டும். "இஞ்சாருங்கோ, கரண்ட் போட்டுது, கடலைக் கழட்டுங்கோ" என்று மனைவி குசினியில் இருந்து கத்தும்போது, நம் கலைக்கும் இந்த வீட்டில் ஒரு வேலை இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டதுண்டு.

முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பனியில் இருந்தேன். அந்த முப்பது வருடத்தில் என் கை பயின்ற ஒரே சித்திரம் என் கையெழுத்துத்தான். ஓய்வு பெற்ற பிறகு காலி வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஓவிய வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நேர்கோடு கீறு, வட்டம் கீறு என்று யாரும் கஷ்டப்படுத்தவில்லை. மனதைத் திறந்துவிட்டால் கை தானாக வரும் என்றார்கள். நான் மனதை அகலத் திறந்துவிட்டேன். அது ஏற்கெனவே பெரிய பூட்டு ஒன்றும் போட்டிருந்த மனது அல்ல. கையும் வந்தது என்றே நம்பினேன். கடல் வந்தது, அடுத்து சூரியன் மறையும் கடல், அதற்கடுத்து சூரியன் மறைந்துவிட்ட கடல். கடைசியாகச் சொன்னதை வரைய ஒரே நிறம் போதும்.

ஒவ்வொரு கடலையும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவேன். கனடாவில் இருந்து இரண்டு இதயம் வரும், லண்டனில் இருந்து கைதட்டல் வரும். ஒரு மருமகள் "எங்கட ஆர்ட்டிஸ்ட் மாமா" என்று எழுதினாள். பனியில் நின்றுகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளை, பொழுதுபோகாமல் அமத்திய இதயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆர்ட்டிஸ்ட் என்ற சொல் மட்டும் காதில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதனால்தான், கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்கா ஒருநாள் அதே குழுவில் "மாதாவின்ட முகம் மழைக்கு உரிஞ்சு போச்சு, பெருநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கு, ஆரைப் பிடிக்கிறது?" என்று எழுதியபோது, வேறு யாரும் பதில் போடுமுன் நான் போட்டேன்: "நான் இருக்கிறேன்."

அக்காவின் ஒழுங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பிறந்து வளர்ந்த குறுகலான தெருதான் அது. நான் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன், அக்கா அங்கேயே இருக்கிறாள். ஒழுங்கை முகப்பில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே, கூரை ஒழுகும் ஒரு கண்ணாடிக் கூடு. அதற்குள் இரண்டடி உயரத்தில் மாதா சொரூபம். வருடத்துக்கு ஒரு பெருநாள். அன்று மாதாவைக் கூட்டில் இருந்து இறக்கி, நாலு பேர் தோளில் தூக்கி ஒழுங்கையைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, மாதாவை வீட்டுக்குள் பார்க்கத் திருப்பிப் பிடிப்பார்கள். மாதா அந்த வீட்டைப் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த வாசல். பெருநாள் செய்யும் முறை வருடத்துக்கு ஒரு வீடு என்று மாறி மாறிப் போகும். பதினெட்டு வீடு. அக்கா வீட்டுக்கு முறை வர அவள் பதினெட்டு வருடம் காத்திருந்தாள்.

அந்தப் பதினெட்டில் கடைசி இரண்டு வருடமும் அத்தான் கட்டிலில். அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, கீழே நிற்கும் லொறியின் நாலு மூலைப் பூட்டில் கொண்டெய்னரைச் சத்தமே இல்லாமல் இருத்துவார். பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வரும். முன்னறையில், வாசலுக்கு நேரே கட்டில். போன வருடம் யாரோ ஒரு வீட்டுக்காரரின் முறை. மழை தூறியதால் மாதாவை அவசரமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா வாசலில் சரியாகத் திருப்பவில்லை. அத்தான் அன்றிரவு சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். "இந்த முறை எங்கட கையில. மாதா இந்த மனுசனை ஒருக்காப் பாத்தாக் காணும், தம்பி. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

இதைத் தெரிந்துகொண்டுதான் நான் தூரிகைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். அதுதான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து மாதாவை நிறுத்தினோம். அங்கி, முக்காடு எல்லாம் வருடா வருடம் முறை வீட்டுக்காரர் நீல எனாமல் பூசிப் பூசிக் கம்பளித் தடிப்பில் இருந்தது. முகத்தை மட்டும் யாரும் தொட்டதில்லை. தொடக்கூடாது என்பது ஒழுங்கையின் எழுதாத சட்டம். அந்த முகத்தில் கன்னமும் நெற்றியும் உரிந்திருந்தன. கண்கள் கொஞ்சம் மங்கல், ஆனால் இருந்தன. இமைகள் பாதி இறங்கி, நித்திரைக் கலக்கத்தில் இருப்பது போல.

"என்னக்கா, மாதா தூங்கி விழுறா. கண்ணைக் கொஞ்சம் திறந்து விடுவம்" என்றேன்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்காக என்று நினைத்தேன்.

கன்னத்தைப் பூசினேன், நன்றாக வந்தது. ஒரே நிறத்தில் ஓரிடத்தைப் பூசி நிரப்புவது என் கடல்களால் கிடைத்த அனுபவம். பிறகு கண். வலது கண் முதல் தடவையிலேயே அமைந்துவிட்டது. எழுந்து நின்று பார்த்தேன், அக்காவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு இடது கண். அது வலதைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. எனவே வலதைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். இப்போது இடது சிறிதாகத் தெரிந்தது. மீசையைக் கத்தரிப்பவர்களுக்குத் தெரியும் இந்தக் கதை. அங்கே மீசை குறைந்துகொண்டே போகும், இங்கே கண் வளர்ந்துகொண்டே போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா கூப்பிட்டபோது, மாதா ஏதோ ஆச்சரியமான செய்தி கேள்விப்பட்டவ போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. துடைத்தேன், திரும்பப் போட்டேன். பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டும் ஒரே அளவு. கருவிழி இரண்டும் நடுவில். மாதா என் கண்ணுக்கு நேரே பார்த்தா. எனக்குப் புல்லரித்தது.

மறுநாள் காய்ந்த பிறகு கூட்டில் ஏற்றினோம். ஒழுங்கைச் சனம் கூடியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொட்டாஞ்சேனையில் அது நல்ல அறிகுறி அல்ல.

முன்வீட்டு லொறிக்கார அண்ணைதான் வாயைத் திறந்தார். "மாதா எங்கட மொட்டைமாடியில தண்ணித் தாங்கி நிறைஞ்சிட்டுதோ எண்டு பாக்கிறா போல."

இன்னொரு வீட்டு அன்ரி இடப் பக்கம் போய் நின்று பார்த்தா, வலப் பக்கம் போய் நின்று பார்த்தா, குனிந்தும் பார்த்தா. "நாப்பது வருசமா இதிலதான் நிண்டு செபிக்கிறன், எப்பவும் என்னைப் பாத்துக்கொண்டிருப்பா. இண்டைக்கு நான் நிக்கிறதே தெரியேல்ல அவவுக்கு."

நானும் கீழே போய் நின்று பார்த்தேன். உண்மைதான். மேசையில் என் முகத்துக்கு நேரே வைத்து வரைந்தேன், நேரே பார்க்கிற கண் வந்தது. எட்டடி உயரத்தில் ஏற்றியதும் அந்தப் பார்வை எங்கள் எல்லோரின் தலைக்கும் மேலால் நேரே போய்க்கொண்டிருந்தது. நான் தூக்கக் கலக்கம் என்று நினைத்துத் திறந்துவிட்ட இமைகள் தூக்கக் கலக்கம் அல்ல. யாரோ ஒருவன், கீழே நிற்பவர்களைப் பார்க்கட்டும் என்று இறக்கி வைத்த இமைகள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். அவள் வீட்டுக்குள் போய், கட்டிலடியில் நின்று சொன்னாள், "அவரைப் பாக்க மாட்டா." அவ்வளவுதான்.

லொறிக்கார அண்ணையின் லொறி பின்னேரங்களில் ஒழுங்கை முகப்பில்தான் நிற்கும். அதன் கதவில் உள்ளங்கை அளவில் ஒரு மாதா முகம். அன்று தலை குனிந்து பஸ்ஸுக்குப் போகும்போது அதைக் கடந்து போனேன். இரண்டடி தாண்டியும் அந்த முகம் என்னைப் பார்ப்பது போல இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தேன். இமை ஒரு கோடு, அதன் கீழே ஒரு நிழல், கருவிழி ஒரு அரை வட்டம். எண்ணிப் பார்த்தால் ஒரு கண்ணுக்கு ஆறு கோடு இருக்காது.

"அண்ணை, இதை ஆர் கீறினது?"

"ஒருகொடவத்தையில ஒரு பிள்ளை. லொறிக்கு எழுத்து எழுதுற பிள்ளை. கொண்டெய்னர் யார்டுக்குப் பக்கத்தில போய்க் கேளுங்கோ, ஆருக்கும் தெரியும்." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "தண்ணித் தாங்கியைப் பற்றிச் சொன்னதுக்குக் கோவமில்லையே?" என்றார்.

"இல்ல அண்ணை. நிறைஞ்சிட்டுதா?"

"ஓம், வழிஞ்சது."

மறுநாள் காலை ஒருகொடவத்தை. தூசி, டீசல் மணம், வரிசையாக லொறிகள். அந்தப் பிள்ளைக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தொப்பி, முழங்கால்வரை மடித்த காற்சட்டை, தரையில் குந்தியிருந்து ஒரு லொறிக் கதவில் சொந்தக்காரர் பெயர், ஊர், வண்டியின் நிறை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்து முடிய எழுந்து, ரோட்டைக் கடந்து மறுபக்கம் போய் நின்று பார்த்து, திரும்பி வந்து அடுத்த எழுத்து. சாரதி பொறுமை இழந்து சிங்களத்தில் "நங்கி, இக்மன் கரன்ன" என்று அவசரப்படுத்தினான். "ஹதிசி நம் ஸ்டிக்கர் கஹன்ன" என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே. அவசரமென்றால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள். சாரதி சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லொறியின் பக்கப் பலகை நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இழுக்க வேண்டியிருந்தது. எனாமலில் இரண்டு சொட்டுத் தின்னர் விட்டுக் கலக்கினாள். பழைய பேப்பரில் ஒரு கோடு இழுத்தாள், தலையாட்டினாள், இன்னொரு சொட்டு விட்டாள், மறுபடி பேப்பர். நுனியில் துணி உருண்டை கட்டிய ஒரு பிரம்பைப் பலகையில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்தாள். நீள மயிர்த் தூரிகை. மூச்சைப் பாதி விட்டாள். பிறகு அந்தப் பிரம்போடு சேர்ந்து பக்கவாட்டில் நடந்தாள், நண்டு போல. பக்கத்தில் ஒரு கொண்டெய்னர் லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, நிலம் அதிர்ந்தது. கோடு அதிரவில்லை. பன்னிரண்டு அடி இருக்கும். தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் ஒரே அகலம். பெயின்ற் முடிகிற இடத்தில் கோடும் முடிந்தது. அதற்கு எத்தனை பெயின்ற் தேவை என்று தூரிகைக்கு முன்பே தெரிந்திருந்தது போல.

கோயில் பூசையில் நற்கருணை அப்பத்தைத் தூக்கும்போது வாய் தானாக மூடிக்கொள்ளுமே, அப்படி நின்றேன். என் வாய் அவ்வளவு எளிதில் மூடுவதில்லை.

ஃபோனை எடுத்து மாதாவின் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"யாரு அங்கிள் செஞ்சது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்."

"அந்த ஆளைக் கண் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க." இன்னும் பெரிதாக்கினாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "தெரிஞ்ச ஆள்ட நகத்துக்குள்ள மாதாட கன்னத்துப் பெயின்ற் இருக்கு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மனதைத் திறந்துதான் பிள்ளை செய்தனான்."

"மனசு சரி. டேர்பன்டைன்தான் கூடிப் போச்சு." ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டு, "இந்த மாதா யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்கவில்லை. மாதா என்றால் கண் இருக்க வேண்டும், இரண்டு இருக்க வேண்டும், ஒரே அளவாக இருக்க வேண்டும், அதற்குமேல் நான் போகவில்லை. அத்தானைப் பற்றிச் சொன்னேன். கட்டில், வாசல், போன வருட மழை, எல்லாம். அவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கட்டில் எவ்வளவு உயரம்?"

"தெரியாது."

"தலகாணி ஒண்டா, ரெண்டா?"

"தெரியாது."

"தூக்குறவங்கட தோள் எவ்வளவு உயரம்? வாசல்ல இருந்து கட்டில் எத்தின அடி?"

நான் லொறியின் டயரைப் பார்த்தேன்.

"அங்கிள் என்ன வேலை பாத்தீங்க?"

"இன்சூரன்ஸ்."

"அங்கயும் ஒண்டும் கேக்காமத்தான் ஃபோம் நிரப்புவீங்களா?"

சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். பெருநாள் ஞாயிறு. அதற்குள் என் கண்களை நான் எடுத்துவிட வேண்டும். பஞ்சில் தின்னர் தொட்டு, கீறாமல், அவசரப்படாமல். பிறகு ஈரமான மெல்லிய சேண்ட்பேப்பரால் தேய்த்து, வெறும் தோல் நிறம் இரண்டு தரம். "இதையாவது நேராச் செய்ங்க. அடி சரியில்லாட்டி மேல நான் ஒண்டும் செய்யேலாது." கூடவே ஒரு பழைய தகரத் துண்டைத் தந்தாள். "வீட்டுல சும்மா இருக்கிற நேரம் இதுல கோடு இழுங்க."

"எத்தினை கோடு?"

"நேரா வாற வரைக்கும்."

என் கண்களை அழிக்க இரண்டு நாள் எடுத்தது. வரைய ஒரு நாள்தான் எடுத்தது. இரண்டாம் நாள், இடது கண்ணில் என் கறுப்புக் கரைந்து பஞ்சில் வந்தபோது, அதன் அடியில் பழைய கண் வெளியே தெரிந்தது. நான் பூசி மூடிய கண். பாதி இறங்கிய இமை, ஒரே இழுப்பில் போட்ட கோடு, உள்மூலையில் தடித்து வெளிமூலையில் மயிராக மெலிந்து. இடது இமை, ஏற்கெனவே வெளிவந்திருந்த வலது இமையின் தடத்தைவிட ஒரு நூல் கீழே இருந்தது. அது பிழை அல்ல. ஒரு நூல் வித்தியாசத்தால்தான் அந்தப் பார்வை ஒரு பக்கமாகத் தாழ்ந்து, நிற்கிறவனைத் தேடி வந்தது. யார் போட்டது, எந்தக் காலத்தில் போட்டது, ஒன்றும் தெரியாது. மூச்சுவிடாமல் பார்த்தேன். ஃபோனை எடுக்கலாம் என்று நினைப்பதற்குள், கையிலிருந்த தின்னர் தன் வேலையைச் செய்துவிட்டது. அதுவும் கரைந்து போனது.

நாற்பது வருடம் ஒழுங்கையைப் பார்த்த கண்ணை அரை நிமிடம் பார்த்த கடைசி ஆள் நான். அன்று பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போய்த் தகரத்தில் கோடு இழுத்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, கடலில்லையா?"

"கோடு."

"வளைஞ்சிருக்கு."

"தெரியும்."

"அப்ப அலையெண்டு சொல்லுங்கோ, பிரச்சினை தீர்ந்துது" என்றுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை அந்தப் பிள்ளை ஒரு பையோடு வந்தாள். வந்து இரண்டு மணித்தியாலம் தூரிகையைத் தொடவே இல்லை. மாதாவைத் தூக்கும் நாலு பேரில் ஒருவரான லொறிக்கார அண்ணையைக் கூப்பிட்டு நிறுத்தித் தோள் உயரத்தை நாடாவால் அளந்தாள். வாசலில் மேசை போட்டு, அதன்மேல் ஸ்டூல் வைத்து, அந்த உயரத்தில் மாதாவை நிறுத்தினாள். பிறகு உள்ளே வந்து, "அங்கிள், கொஞ்சம் இடம் தாங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, கட்டிலோரம் தரையில் மண்டியிட்டுத் தன் தலையை அவருடைய தலையணை உயரத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். அத்தான் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். இருவரும் ஒரே இடத்தில் இருந்து வாசலைப் பார்த்தார்கள்.

எழுந்து போய்ப் பென்சிலால் மாதாவின் முகத்தில் ஒரு புள்ளி. திரும்பி வந்து மண்டியிட்டுப் பார்வை. போய்ப் புள்ளியை அழித்து, ஒரு நூல் கீழே இன்னொரு புள்ளி. மறுபடி கட்டிலடி. பதினாலு தரம் போய் வந்தாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, எப்ப பெயின்ற் அடிக்கப் போறீங்க?"

"இதுதான் ஆன்ட்டி பெயின்ற் அடிக்கிறது."

நான் மெதுவாகக் கிட்டப் போனேன். "இடது இமை ஒரு நூல் கீழ இருந்தது. பழைய கண்ணில. உள்மூலை தடிப்பு." சொல்லும்போதே பயமாக இருந்தது.

அவள் நின்றாள். "நீங்க பாத்தீங்களா?"

"அரை நிமிசம்."

இடது புள்ளியை ஒரு நூல் இறக்கிவிட்டுக் கட்டிலடிக்குப் போனாள். அங்கே மண்டியிட்டபடி வெகுநேரம் இருந்தாள். "ஆ" என்றாள், வேறொன்றும் இல்லை. என் வாழ்க்கையில் ஓவியத்துக்காக எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். லண்டன் கைதட்டல் எல்லாம் அதற்குப் பிறகு வெறும் சத்தம்.

பிறகு மூன்று மயிர் இருக்குமோ என்னமோ, அப்படி ஒரு தூரிகையை எடுத்தாள். பிரம்பைச் சாய்த்தாள். பாதி மூச்சு. உள்ளே இருந்து அத்தானின் குரல் கேட்டது: "மெல்ல... மெல்ல..." எனக்கு அந்தக் குரல் தெரியும். முன்பொருநாள் அவர் சொல்லியிருந்தார், கொண்டெய்னரைக் கப்பலில் இருந்து லொறிவரைக்கும் கொண்டுவருவது வேலையே இல்லை, அது பயணம். கடைசி ஓரடிதான் வேலை என்று. அவர் அந்தக் கடைசி ஓரடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் முடிய நாலு நிமிடம் போகவில்லை. எனக்கு ஒரு நாள் எடுத்த அதே இரண்டு கண்.

அந்தப் பிள்ளை முகத்தில் பக்தியும் இல்லை, உருக்கமும் இல்லை. லொறி நிறை எழுதும்போது இருந்த அதே முகம். உருக்கம் எல்லாம் எங்களுக்குத்தான் வந்தது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, நான் ஏதாவது செய்யட்டா?" என்று கேட்டேன். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க மிச்சமிருந்தது, அதைத்தான் மனதில் வைத்துக் கேட்டேன்.

"தகரத்தைக் கொண்டு வந்தீங்களா?"

காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைப் புள்ளிகளைத் தானே வைத்தாள். பிறகு மாதாவைத் திருப்பி முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். "முக்காட்டு ஓரத்துல பொன் கோடு ஒண்டு இழுக்கணும். பின் பக்கம் நீங்க இழுங்க அங்கிள். யாரும் பாக்க மாட்டாங்க."

இழுத்தேன். பாதி மூச்சும் விட்டேன். கோடு நன்றாகத்தான் தொடங்கியது.

போகும்போது அக்காவிடம் சொன்னாள், "ஆன்ட்டி, கூட்டுல வச்சா கீழ நிக்கிற எல்லாரையும் பாப்பா. ஆனா கட்டில் இன்னும் கீழ. நாளைக்குத் தூக்குறவங்க இந்த வாசல்ல கொஞ்சம் முன்னால சாய்ச்சுப் பிடிக்கணும். அது எண்ட கையில இல்ல."

ஞாயிறு பின்னேரம் சுற்றுப்பிரகார ஊர்வலம் புறப்பட்டது. பாட்டு, செபமாலை, பட்டாசு, நடுவில் வழிவிடச் சொல்லி ஹோர்ன் அடித்த ஒரு திரீவீலர். நான் அத்தானின் கட்டிலடியில் நின்றேன். தலையணையை ஒன்றாக்கி, அந்தப் பிள்ளை அளந்த உயரத்தில் அவரைச் சாய்த்து வைத்திருந்தோம். வாசலுக்கு மாதா வந்தா. நாலு பேரும் திருப்பினார்கள்.

உயரம் கூடிவிட்டது. பெருநாள் உற்சாகத்தில் கைகளை நீட்டித் தூக்கிவிட்டார்கள். மாதா அக்கா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தா. அக்கா வாசலுக்கு ஓடினாள், பாட்டுச் சத்தத்தில் அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது அத்தானின் இடது கை எழும்பியது. உள்ளங்கை கீழே பார்த்திருக்க, மெதுவாக இறக்கினார். வாழ்நாள் முழுக்கக் கீழே நின்று கை காட்டுபவனைப் பார்த்துப் பார்த்துக் கிரேனை இறக்கிய மனிதர். இப்போது அவர் கீழே. முன்னால் பிடித்திருந்த லொறிக்கார அண்ணைக்கு அந்தக் கை பேசும் பாஷை தெரியும். எத்தனை வருடம் யார்டில் அப்படிக் கை காட்டுபவர்களைப் பார்த்து லொறியைப் பின்னால் எடுத்திருப்பார். "இறக்கு, இறக்கு" என்று மற்றவர்களிடம் கத்தினார். மாதா இறங்கினா. அத்தானின் இரண்டு விரல் மெல்ல இடப்பக்கம் அசைந்தது. மாதா இடப்பக்கம் வந்தா. விரல்கள் தம்மை நோக்கி மடிந்தன. மாதா முன்னால் சாய்ந்தா. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு நூல்.

கை மூடியது. நிறுத்து.

நான் அத்தானின் தலைக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் பார்க்கும் இடத்தில் இருந்து பார்த்தேன். கண்ணுக்கு நாலைந்து கோடு, இரண்டு வெள்ளைப் புள்ளி. எனாமல் என்று எனக்குத் தெரியும். எத்தனை சொட்டுத் தின்னர் என்றுகூடத் தெரியும். தெரிந்தும் மண்டியிட்டேன்.

அத்தான் மூடிய கையைத் திறக்கவில்லை. வாசலில் எல்லாம் நின்றுவிட்டது. பாட்டுக்காரர்கள் ஒரே அடியை மூன்றாம் தரமும் பாடினார்கள். கடைசியில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, அவையளை விடுங்கோ, தோள் நோகுமெல்லே" என்றாள். அதன்பிறகுதான் கை விரிந்து, மேல் நோக்கி அசைந்தது. தூக்கு.

மாதாவைத் தூக்கித் திருப்பினார்கள். அப்போது அவவின் முதுகு எங்கள் பக்கம் வந்தது. யாரும் பார்க்க மாட்டாங்க என்ற அந்தப் பொன் கோடு, நன்றாகத் தொடங்கி நடுவில் ஒரு அலை அடித்து எங்கேயோ போய் முடிந்த கோடு, அத்தானின் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு, வாயின் இடது பாதியால், மனுசன் சிரித்தார்.